கொரோனாவும் சிறுநீரகமும்

கொரோனா என்றதும் நம் நினைவுக்கு வருவது சுவாசப்பையே. இருமல், மூச்சுத்திணறல், ஒட்சிசன் என்பனவே 2020ஆம் ஆண்டு தொடக்கம் வீடுதோறும் பேசப்பட்டன. ஆனால், இந்நோய் ஓசையின்றித் தாக்கும் இன்னோர் உறுப்பும் உண்டு. அதுவே சிறுநீரகம்.

முள்ளந்தண்டின் இரு மருங்கிலும் அவரை விதை வடிவில் அமைந்துள்ள சிறுநீரகங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் கழிவுகளுடன் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

கிருமி தாக்குவது எவ்வாறு?

கொரோனா வைரசு நமது உடற்கலங்களுள் நுழைவதற்கு ‘ஏசிஈ-2’ எனும் புரதம் வாசலாக உதவுகிறது. இப்புரதம் சிறுநீரகக் கலங்களிலும் உண்டு. எனினும், நேரடித் தாக்குதல் ஒன்றே காரணமன்று. காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் உடலில் நீர் குறைகிறது, குருதியழுத்தம் விழுகிறது, ஒட்சிசன் போதாமற் போகிறது, நுண்குழாய்களில் குருதி உறைகிறது. இவையெல்லாம் சேர்ந்து வடிகட்டிகளைப் பழுதாக்குகின்றன.

2020இல் நியூயோர்க் பகுதி வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கொரோனா நோயாளரை ஆராய்ந்தபோது, மூவரில் ஒருவருக்கு மேல் சிறுநீரகம் திடீரெனப் பாதிப்புற்றிருந்தமை தெரியவந்தது.

கூடிய கவனம் யாருக்கு?

ஏற்கனவே சிறுநீரக நோயுள்ளோர், இயந்திரத்தால் குருதிச் சுத்திகரிப்புச் செய்வோர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் ஆகியோருக்கு இந்நோய் கடுமையாகலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உட்கொள்ளும் மருந்துகள் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தணிப்பதால், தடுப்பூசியின் பயனும் அவர்களுக்குக் குறையலாம். நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் உள்ளவர்களும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

1. தொற்றுக்கு அஞ்சிக் குருதிச் சுத்திகரிப்பைத் தவறவிடக் கூடாது. நீரும் பொற்றாசியமும் உடலில் தேங்கினால் இதயமே நின்றுவிடக்கூடும். தொற்று ஏற்பட்டிருப்பின், முன்கூட்டியே வைத்தியசாலைக்கு அறிவித்துச் செல்லுங்கள்.

2. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு.

3. குருதியழுத்த மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம்.

4. எந்த வைத்தியரிடம் சென்றாலும், சிறுநீரக நோய் இருப்பதை முதலிலேயே கூறுங்கள். சில மருந்துகளின் அளவை மாற்றவேண்டியிருக்கும்.

5. நீர் அருந்தும் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. நீரைக் குறைக்கும்படி கூறப்பட்டவர்கள் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்றவேண்டும்.

6. சிறுநீர் குறைதல், நுரைத்தல், நிறம் மாறுதல், கால் அல்லது முகம் வீங்குதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி கொரோனா அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. ஆனால், கிருமி மறைந்துவிடவில்லை. கடும் நோயிலிருந்து மீண்டவரின் சிறுநீரகம் சில வேளைகளில் முழுமையாகத் தேறுவதில்லை. சிறுநீரகம் வலித்துச் சொல்லும் உறுப்புமன்று. பெரும்பகுதி பழுதான பின்னரே பலருக்கு நோய் தெரியவருகிறது. ஆகவே, வீட்டில் ஒருவர் கொரோனாவால் வைத்தியசாலையில் கிடந்து திரும்பியிருந்தால், காய்ச்சல் விட்டதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீரில் புரதத்தையும் குருதியில் கிரியற்றினினையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சிறிய சோதனைதான், அதைச் செய்யாது விட்டால் வரும் துன்பமோ பெரிது.