வகுப்பறையில் விசுவாசத்தைக் கேள்வி கேட்டால்...

வேதபாடம்: 1 பேதுரு 3:15, தானியேல் 1, அப்போஸ்தலர் 17



காலையில் நம்ம திருநின்றவூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி காலேஜுக்குப் போகிற சபைப் பிள்ளைகள் அநேகர். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பிரதர், கிளாஸ்ல சார் பைபிளைக் கட்டுக்கதைன்னு சொல்றாரு. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"அது பிசாசின் கேள்வி, காதில் வாங்காதே" என்று சொல்லி அனுப்பினால் கேள்வி போகாது. பிள்ளைதான் சபையைவிட்டுப் போய்விடும். ஆகையால் வேதம் காட்டுகிற வழியைத் தியானிப்போம்.

1. படிப்பு நமக்குப் பகை அல்ல

தானியேல் மூன்று வருஷம் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படித்தார். ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றாரே தவிர, பாடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சையில் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தராயிருந்தார். பரிணாமப் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடி எழுதுவது கர்த்தரை மறுதலிப்பது ஆகாது. நன்றாய்ப் படிக்கிற பிள்ளையின் சாட்சிக்குத்தான் வகுப்பில் மதிப்பு.

2. ஆவியானவர் நினைப்பூட்டுவார்

"என்ன பேசவேண்டுமென்று அந்த நேரத்தில் அருளப்படுமே, எதற்கு வாசிக்கணும்?" என்று சிலர் மத்தேயு 10:19-ஐக் காட்டுகிறார்கள். அதிபதிகளுக்கு முன்பாகக் கொண்டுபோகப்படுகிறவர்களுக்குச் சொன்ன வாக்குத்தத்தம் அது. யோவான் 14:26-ஐயும் சேர்த்து வாசியுங்கள். ஆவியானவர் நினைப்பூட்டுகிறவர். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் எதை நினைப்பூட்டுவார்? பதில் தெரியாதபோது, "எனக்குத் தெரியல சார், படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். அது தோல்வி அல்ல. ஆனால் சொன்னபடி படித்துவிட்டுப் போகவேண்டும்!

3. பதிலுக்குக் காலம் ஆகலாம்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827-ல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியராய் இருந்தும் கிறிஸ்தவ மார்க்கத்தை ஏற்காதவர். அவரை மாற்றியது வாக்குவாதம் அல்ல. தனக்கோடி ராஜு போன்ற நண்பர்களின் பேச்சும், அவர் வாசித்த புத்தகங்களும்தான். 1858-ல் நம்ம சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.

கிறிஸ்தவர்களுக்கு நல்ல தமிழ் வராது என்று பண்டிதர்கள் ஏளனம் பண்ணின காலம் அது. அவர் சண்டைக்குப் போகவில்லை. கம்பனிடம் கற்ற தமிழிலேயே 3,700-க்கும் அதிகமான பாடல்களில் இரட்சணிய யாத்திரிகம் எழுதினார். அது புத்தகமாக வெளிவந்தது 1894-ல். ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் நடுவே 36 வருஷம்! அவர் நம்ம பெந்தெகொஸ்தே சபைக்காரர் அல்லர். ஆனாலும் அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். நாமோ மத்தியானம் கேட்ட கேள்விக்கு சாயங்காலத்துக்குள் ஜெயிக்கப் பார்க்கிறோம்.

4. சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள்

நம்ம ஊர் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் பூசலார் நாயனார் கதையும் உள்ள ஊர். உங்கள் பெஞ்சில் உட்காருகிற பிள்ளை அந்தப் பக்தியில் வளர்ந்திருக்கலாம். அதை இழிவாய்ப் பேசி விசுவாசத்தைக் காக்க முடியாது. எபேசுவில் பவுலோடிருந்தவர்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று பட்டணத்து அதிகாரியே சாட்சி சொன்னான் (அப். 19:37). அத்தேனேயில் பவுல் அவர்களுடைய புலவர்களையே எடுத்துக்காட்டிப் பேசினார். அப்படியும் சிலர் பரியாசம்பண்ணினார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். பவுலுக்கே அப்படி என்றால், ஒரு வகுப்பே சிரித்தாலும் நாம் சோர்ந்துபோகலாமா?

பெற்றோரே, இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளிடம், "காலேஜ்ல என்ன கேக்கறாங்க?" என்று விசாரியுங்கள். திட்டாமல் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து வேதத்தைத் திறந்து, முழங்காலில் நில்லுங்கள். கர்த்தர் நம் வாலிபருக்கு ஞானத்தையும் சாந்தத்தையும் தந்து நடத்துவாராக. ஆமென்.