நம் தராசுக்கு நாமே ஒரு குறிப்பு

மின்னணுத் தராசு வாங்கும்போது கூடவே ஒரு சிறு புத்தகம் தருகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம், அதுவும் பல மாடல்களுக்குப் பொதுவாக அச்சிட்டது. அட்டைப் பெட்டியோடு அது பரணுக்குப் போய்விடுகிறது. பிறகு தராசு மக்கர் செய்தால் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்க வேண்டும். அவரோ நாலைந்து ஊர்களைப் பார்ப்பவர். பத்து நிமிடம் நின்றால் அதிகம்.

ஆகவே, நம் தராசுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பை நாமே எழுதிவிடலாம். இன்ஜினீயர் பக்கத்தில் இல்லையே என்று மலைக்க வேண்டாம். முக்கால் பங்கைத் தராசே சொல்லிவிடும். வியாபாரம் ஓய்ந்த மதிய வேளையில் அதன் முன் உட்கார்ந்து, அன்றாடம் தொடும் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி, திரையில் தெரிவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

என் கடையில் அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு நஷ்டம் தெரிந்தது. 40 கிராம் டப்பாவை வைத்து 'டேர்' போட்ட பையன், டப்பாவை எடுத்தபின் அதை நீக்கவில்லை. வெறும் தட்டில் 0.000க்குப் பதில் மைனஸ் 0.040 நின்றது. அந்த நிலையில் நிறுத்தால் ஒவ்வொரு நிறுவைக்கும் 40 கிராம் கூடுதலாகப் போகும். நூறு நிறுவைக்கு 4 கிலோ! இன்று என் குறிப்பின் முதல் வரியே, "வெறும் தட்டில் 0.000 இருக்கிறதா பார்" என்பதுதான்.

தராசு சொல்லாததை மட்டும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். கேள்விகளை முன்னதாகவே எழுதி வைத்திருங்கள். தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குப் பழகிப்போனதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணாச்சி" என்றார் எங்களுக்கு வருபவர். "தட்டில் சரக்கு இருக்கலாமா?" என்று கேட்ட பிறகுதான், "ஐயோ, காலியா இருக்கணும்" என்றார். சரக்கோடு ஆன் செய்தால் சில தராசுகள் அந்த எடையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அவர் செய்து காட்டுவதைப் பார்ப்பதோடு விடாமல், அவர் எதிரிலேயே நீங்களும் செய்து, எழுதியதை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

மட்டம் காட்டும் நீர்க்குமிழி நடுவில் இருக்க வேண்டும், மின்விசிறிக் காற்று தட்டில் படக்கூடாது என்பவற்றையும் சேருங்கள். முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். எடை மாறி மாறிக் காட்டினால் அந்தத் தராசில் நிறுக்கக்கூடாது.

சீல் வைத்த பகுதியை நாம் தொடக்கூடாது என்று பெரிதாக எழுதுங்கள். 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். அந்தத் தேதியும் தாளில் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். என் பையன் மூன்றாம் வரியில் விழித்தான். 'தட்டைச் சரிசெய்' என்று எழுதியிருந்தேன். எப்படி என்று எழுதவில்லை. அன்றிரவே அந்த வரியை மாற்றினேன்.