ஆக்ஸ்போர்டு நகரில் நண்பர்களுடன் ஒருநாள்



ஆண்டு மலருக்கு யான் எழுதும் பாடக் கட்டுரையில் இம்முறை ஒரு பயணச் செய்தியும், அதனோடு ஒரு திருத்தமும் இடம்பெறுகின்றன. திருத்தப்பட வேண்டிய பிழை என்னுடையது. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னுடன் ஒரே அறையில் தங்கிப் பயின்ற நண்பர் ஒருவர், விருப்ப ஓய்வு பெற்றபின் தம் துணைவியாருடன் இங்கிலாந்து சென்று, அங்கே தாதியாகப் பணிபுரியும் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தார். பல ஆண்டுச் சேமிப்பின் பயனாக 2019ஆம் ஆண்டு ஜூன் மாத விடுமுறையில் அவர்களைக் காணச் சென்றேன். இலண்டன் பேடிங்டன் நிலையத்தில் இரயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்போர்டு வந்துவிடுகிறது. நிலையத்தில் காத்திருந்த நண்பர் என்னைக் கண்டதும், "தலை முழுவதும் வெளுத்துவிட்டதே, தலைமையாசிரியரே!" என்றார். அவர் தலையில் வெளுப்பதற்கே ஒன்றும் இல்லை என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

"முதலில் பல்கலைக்கழகத்தைக் காட்டுங்கள்," என்றேன். தந்தையும் மகளும் சிரித்தனர். "மாமா, நீங்கள் அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள்," என்றாள் மகள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் போல் ஒரு நுழைவாயிலும் ஒரு வேலியும் அங்கே இல்லை. ஏறத்தாழ நாற்பது கல்லூரிகள் நகரெங்கும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் இடையே பரவிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை தமக்கென உணவுக்கூடம், வழிபாட்டுக்கூடம், புல்வெளி முற்றம் ஆகியவற்றைக் கொண்டவை. அவ்வூரில் 1096ஆம் ஆண்டிலேயே கல்வி கற்பிக்கப்பட்டதற்குச் சான்று உண்டு. ஊரின் பெயரோ மிக எளியது. எருதுகள் ஆற்றைக் கடந்து செல்லும் துறை என்பதே ஆக்ஸ்போர்டு என்பதன் பொருள். கால்நடை வளர்க்கும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் இதனைக் கேட்டு மகிழ்வார்கள்.

1602ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போட்லியன் நூலகத்தை வெளியிலிருந்தும் சிறிது உள்ளிருந்தும் கண்டோம். அங்கே வாசகராகச் சேர்வோர், நூலகத்துள் நெருப்பைக் கொண்டுவரவோ மூட்டவோ மாட்டேன் என்று உறுதிமொழி கூற வேண்டும். நம் பள்ளி நூலகத்தில் நெருப்பினால் ஆபத்தில்லை. கறையானும் மழை ஒழுக்குமே நம் பகைவர்கள்.

நண்பகலுக்கு முன் படகுச் சவாரி. செர்வெல் என்னும் சிற்றாற்றின் மீதுள்ள பாலத்தருகே படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பாலத்தின் பெயரை மக்டலென் என்று எழுதிவிட்டு மாட்லின் என்று ஒலிக்கின்றனர். எழுதுவதுபோலவே படிக்கும் மொழி நமக்கு வாய்த்திருப்பதை எண்ணிக்கொண்டேன். படகு தட்டையானது, துடுப்பு இல்லை. ஒருவர் பின்முனையில் நின்று, நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ள வேண்டும். நண்பர் கழியை ஏந்தினார். மூன்றாவது ஊன்றலில் கழி சேற்றில் சிக்கிக்கொண்டது. படகு முன்னே சென்றது. கழியை விடுவதா, படகை விடுவதா என்று அவர் எண்ணுவதற்குள் முழங்கால் வரை நீரில் நின்றார். "சிறு வயதில் ஆற்றில் மீன் பிடித்தவன் நான் என்று தினமும் சொல்வார், அண்ணா," என்று அவர் துணைவியார் என்னிடம் கூறியபோது, அண்டைப் படகிலிருந்த மாணவர்களும் சேர்ந்து நகைத்தனர். கரையில் அமர்ந்து, அவ்வம்மையார் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் நெத்திலி சம்பலையும் உண்டோம். ஈரக் காற்சட்டையோடு நண்பரே அதிகம் உண்டார்.

இனிப் பிற்பகல் நிகழ்ச்சியைக் கூற வேண்டும். அதற்குச் சற்றுத் தயங்குவதால் இரவில் நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கோபுரத்தில் 'டாம்' என்னும் பெருமணி ஒன்று உண்டு. எடை ஆறு டன்னுக்கும் மேல். ஒவ்வோர் இரவும் அது 101 முறை ஒலிக்கிறது. முற்காலத்தில் அக்கல்லூரியில் இருந்த மாணவர் எண்ணிக்கை அது. ஒலிக்கத் தொடங்கும் நேரம் 9 மணியன்று, 9 மணி 5 நிமிடம். ஏன்? மாணவர்களே, இங்கே சிறிது கணக்குப் போடுங்கள். பூமி 360 பாகையை 24 மணி நேரத்தில் சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக்ஸ்போர்டு, கிரீன்விச்சுக்கு மேற்கே ஒன்றேகால் பாகையில் உள்ளது. ஆதலால் அங்கே சூரியன் 5 நிமிடம் பிந்தி வருகிறது. 1880இல் நாடு முழுவதற்கும் கிரீன்விச் நேரமே சட்டமான பின்னும், அந்த மணி மட்டும் தன் ஊர்ச் சூரியனை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் கதையும் இதுபோன்றதே. கோலாலம்பூர் ஏறத்தாழ 101¾ பாகை கிழக்கே உள்ளது. சூரியக் கணக்கில் கிரீன்விச்சைவிட 6 மணி 47 நிமிடமே முந்தியிருக்க வேண்டிய நாம், கடிகாரத்தில் 8 மணி நேரம் முந்தியிருக்கிறோம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டன. நான் அப்போது சிறுவன். பெரட்டுக்கு முன்னிலும் கூடுதல் இருளில் போக வேண்டியிருக்கிறதே என்று மரம் சீவும் என் தாயார் முணுமுணுத்தது நினைவிருக்கிறது. பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழல் 12 மணிக்கு மிகக் குறுகுவதில்லை, ஏறத்தாழ 1.15க்கே குறுகுகிறது. அளந்து பாருங்கள்.

இனிப் பிற்பகல். வால்டன் தெருவிலிருந்து ஒரு குறுகிய பாதை செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறது. டாக்டர் ஜி. யு. போப் அங்கேதான் துயில்கிறார். 1820இல் கனடாவில் பிறந்து, 1839இல் தென்னிந்தியா வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பணியாற்றித் தமிழைக் கசடறக் கற்றவர். பின்னர் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் வெளிவந்தன. திருவாசகத்தை முடிக்க என் வயது இடந்தராது என்று அவர் வருந்தியபோது, பெல்லியல் கல்லூரித் தலைவர் ஜோவெட், பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஆயுள் நீளும், முடிக்கும்வரை வாழ்வீர் என்று தேற்றினாராம். எண்பதாம் வயதில் போப் அதனை முடித்தார். அதன் பின்னும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். தேற்றிய ஜோவெட் 1893இலேயே மறைந்து, அதே தோட்டத்தில் உறங்குகிறார். திருவாசக நூலை வெளியிட்ட பல்கலைக்கழக அச்சகமும் அதே வால்டன் தெருவில்தான் இருக்கிறது.

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் போப் என்பதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் வகுப்பில் கற்பித்து வந்தேன். என் ஆசிரியர் எனக்குக் கூறியதை நான் உங்களுக்குக் கூறினேன். பேச்சுப் போட்டிக்கு நானே எழுதிக்கொடுத்த உரையின் இறுதி வரியும் அதுவே. அதனை முழங்கி நம் மாணவி ஒருத்தி பரிசும் பெற்று வந்தாள்.

கல்லில் அவ்வாசகம் இல்லை.

நான் இருமுறை படித்தேன். பின்புறமும் சென்று பார்த்தேன். நண்பரும் குனிந்து தேடினார். அவரும் தம் மாணவர்களுக்கு அதையே கற்பித்தவர். ஆங்கிலத்தில் போப்பின் பெயரும், அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்பதும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர் என்பதும், 1820, 1908 ஆகிய ஆண்டுகளும் இருந்தன. அவற்றின் கீழே, இக்கல்லை நாட்டியவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் என்று எழுதியிருந்தது.

"நாம் சொன்னதைவிட இது குறைவா?" என்று நண்பர் கேட்டார். நெடுநேரம் கழித்தே, "இல்லை," என்றேன். கடல் கடந்த ஒரு கல்லறைக்குத் தமிழர்கள் பொருள் சேர்த்து அனுப்பிய செய்தியை நான் ஒருநாளும் என் வகுப்பில் கூறியதில்லை. அது கல்லிலேயே இருந்தது.

ஊர் திரும்பிய வாரமே, நூலகச் சுவரில் பெரிய எழுத்தில் இருந்த அப்பழைய வாசகத்தை ஆறாம் ஆண்டு மாணவர்கள் வெள்ளையடித்து மறைத்தனர். அவ்விடத்தில் இன்றிருப்பது கல்லில் உள்ள செய்தியின் தமிழாக்கம். பரிசு பெற்ற அம்மாணவி இப்போது வேறொரு பள்ளியில் ஆசிரியை. அவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். என்னிடம் பயின்று இன்று பெற்றோராய் இம்மலரைப் படிப்பவர்களும், தங்கள் பிள்ளைகளுக்கு அவ்வரியைச் சொல்லியிருந்தால், திருத்திச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.