சேர்வரை மாற்றினால் மெயில் போய்விடுமா?

"ஓடிக்கொண்டிருக்கிற சேர்வரில் கை வைக்காதே." பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற கம்பனியில் மின்னஞ்சல் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பேச்சு எழுந்தால் முதலில் கேட்கிற வார்த்தை இது. கண்டி மாவட்டத்து மலையூரான தெல்தோட்டையிலும் மெயில் சின்ன விடயம் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர தோட்டம் இந்தப் பக்கந்தான். இந்த மலையின் தேயிலை விலைபோகிற கொழும்பு ஏலம் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறிவிட்டது. தரகர் அனுப்புகிற விலை விபரமும் வங்கிக் கடிதமும் கந்தோர் மெயிலில்தான் வந்து சேருகின்றன. அது நின்றால் கிராணிமாருக்குக் கணக்கு முடிக்க வழியில்லை.

கை வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நாடே 2023இல் பார்த்தது. அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல், லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச கட்டமைப்பில் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பதிப்பில் ஓடியது. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11உடன் நிறுத்திக்கொண்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலிருந்தே இருந்தது. பணம் போதாமலும் முந்தைய நிர்வாகச் சபையின் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமான இக்டா பின்னர் சொன்னது. ஓகஸ்ட் கடைசியில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற ரான்சம்வேர் புகுந்தது. சேவையைப் பன்னிரண்டு மணிநேரத்தில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி ஒன்றும் இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் போயே போய்விட்டன.

மாற்றியதால் போன கடிதம் அதில் ஒன்றுகூட இல்லை. மாற்றாமல் வைத்திருந்ததாலும் பிரித்து வைத்த பிரதி இல்லாததாலும் போனவைதான் அத்தனையும். இதை ஒவ்வொரு முதலாளியையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாற்றுகிற நேரத்தில் வருகிற மெயில் தொலைந்துபோகும் என்பது அடுத்த பயம். எக்ஸ்சேஞ்சில் 2013க்கு மேலேயே புதியதை ஏற்ற முடியாது. புதிய சேர்வரைப் பக்கத்தில் நிறுத்தி, மெயில்பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். பெட்டி நகர்கிற நேரத்திலும் அதன் சொந்தக்காரர் கடிதம் எழுதலாம், வாசிக்கலாம். முடிவில் அவுட்லுக்கை ஒருதடவை மூடித் திறக்கச் சொல்லும், அவ்வளவுதான். சேர்வரே கொஞ்ச நேரம் நின்றாலும் பயமில்லை. எதிர்ப்பக்கத்துச் சேர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். குறைந்தது நாலைந்து நாளாவது முயலவேண்டும் என்பது மின்னஞ்சலின் உலகப் பொது விதி. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்களே, அதுகூட இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

புதியதிலேயே புதியதை வாங்கினால் நேரே தாவிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 2013இல் இருப்பவர் முதலில் 2016க்கோ 2019க்கோ வந்து, பழையதை முறைப்படி நீக்கிவிட்டுத்தான் 2025 ஜூலையில் வந்த சப்ஸ்கிரிப்ஷன் பதிப்புக்குப் போகமுடியும். 2019இல் இருப்பவருக்கு மட்டும் அதே சேர்வரில் வழக்கமான அப்டேட் மாதிரி அது ஏறிவிடும். 2016, 2019 இரண்டின் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே "நம்முடையது அவ்வளவு பழையதில்லை" என்ற ஆறுதலும் செல்லாது.

சேர்வரில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, அதுவே பேக்கப் என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், சரி. ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் பூட்டிவிடும். எழுதி முடித்ததும் வயரைக் கழற்றி வைக்கிற ஒரு பிரதி வேண்டும். மண்சரிவு வருகிற மலையில் அது அதே கட்டடத்தில் இருக்கவும் கூடாது. மாற்றத்தைத் தொடங்குமுன் அந்தப் பிரதியிலிருந்து ஒரு மெயில்பெட்டியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி வேலையில் இறங்காதீர்கள்.

கிளவுடுக்குப் போனால் கவலை தீர்ந்தது என்பதையும் அப்படியே நம்ப முடியாது. 2023இல் அடிவாங்கியதும் ஒரு கிளவுட்தான். சேர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பத்துப் பேர் கம்பனிக்கு வெளியே சேவை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் மைக்ரோசொஃப்ட் 365 என்ற கிளவுட் சேவையில் முற்றாக அழித்த கடிதத்தை மீட்க வழமையான அவகாசம் 14 நாள், கூட்டி வைத்தாலும் 30 நாள். போன வருடத்துக் கடிதம் வேண்டுமென்றால் அங்கேயும் தனிப் பிரதி தேவை.

சின்னக் கம்பனியை யார் தேடி வருவார்கள்? யாரும் வரத் தேவையில்லை. 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சின் ஓட்டைகள் வெளியானபோது, இணையத்தில் தெரிந்த சேர்வர்களை எல்லாம் மென்பொருள்களே தட்டிப் பார்த்தன. கம்பனியின் அளவு அவற்றுக்குத் தெரியாது.

கடைசியாக, பெட்டிகள் நகர்ந்த அன்றே வேலை முடிந்துவிடாது. கடிதங்கள் வெளியே போகிற ஐபி முகவரி மாறினால், கடிதம் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் சரிபார்க்க வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் ஒன்றாவது இல்லாத கடிதத்தைத் திருப்பிவிடவோ ஸ்பாமில் போடவோ செய்கிறது. கந்தோர் ஸ்கேனரும் கணக்கு மென்பொருளும் இன்னும் பழைய சேர்வரின் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கும். பழைய சேர்வரின் பதிவேட்டை (லொக்) சில வாரம் கவனித்து, ஒருவரும் வராத பிறகு முறைப்படி அன்இன்ஸ்டோல் செய்யுங்கள். வெறுமனே பிளக்கைப் பிடுங்கினால் பழையதன் பதிவுகள், கம்பனியின் கணினிகளையும் கணக்குகளையும் பதிந்து வைக்கிற அக்டிவ் டிரெக்டரியில் அப்படியே கிடந்து, அடுத்த மாற்றத்தின்போது வந்து மறிக்கும்.