துணை கேட்கத் தயங்காதே

பனவடலிசத்திரம்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. ஹாஸ்டலில் கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் குளியலறையில் நின்று இன்சுலின் போட்டுக்கொள்கிறாய் என்று மதினி சொன்னாள். "இந்த வயசுல சுகரா? மிட்டாயாத் தின்னிருப்பா" என்று கல்யாண வீட்டில் யாரோ பேசியது இன்னும் உன் மனசில் கிடக்கிறது.

உனக்கு வந்திருப்பது முதல் வகை நீரிழிவு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது. மிட்டாய் தின்று வந்ததல்ல. இதில் உன் தப்பு எதுவுமில்லை. கேட்பவர்களிடம் இதை ஒரு வரியில் சொல். அதற்குமேல் நீ யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் துணை கேட்க வெட்கப்படாதே. அதற்கு நம் மாவட்டத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணனைத் தெரிந்துகொள். பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்ததில் கழுத்தில் அடிபட்டு, கை கால்கள் செயலிழந்தன. எழுதவும் உண்ணவும் பிறர் கை வேண்டும். அவர்தான் 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சங்கத்தின் பெயரில் இருக்கும் 'அமர்', அவருக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். தான் பெற்ற உதவியை மறைக்காமல் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்தார் ராமகிருஷ்ணன்.

நீயும் மறைக்காதே. இதில் உன் உயிரும் அடங்கியிருக்கிறது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். காரணமில்லாமல் எரிச்சலும் பயமும் வரும். உடனே சோதித்துப் பார். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார். நீ மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சர்க்கரை சரியாக இருந்தும் மனசு கனத்தால் அழு, அதில் கேவலமில்லை. ஆனால் தூக்கமும் பசியும் போய், ஊசியே வேண்டாம் என்று தோன்றினால் அதை மருத்துவரிடம் சொல். நீண்டகால நோயோடு வாழ்பவர்களுக்கு வரக்கூடிய சோர்வுதான் அது. அதற்கும் வைத்தியம் உண்டு. ராத்திரியில் யாரும் இல்லையென்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழை. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரமே ஒரு தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. சொன்னதும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை