வாய்தாவுக்கு வழி விடாத மனு

அம்மாவுக்காக அண்ணன்மீது மூத்த குடிமக்கள் சட்டத்தில் மனுப் போட்டவள் நான். ‘கூடப் பிறந்தவனையே ஆபீஸ் படியேற வைத்தவள்’ என்று சொந்தத்தில் எனக்குப் பெயர். வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அம்மாவை வாடகை அறையில் விட்டவனுக்கு அவர்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை.

மனு, பத்திர நகல், ஆதார், வில்லங்கச் சான்று என்று என்னென்ன வேண்டும் என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மனுவில் என்ன கேட்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவைப் போட்டு, செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து செய்ய மட்டும் கேட்டார். மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் கேட்கலாமே என்றேன். “பெத்த புள்ளைகிட்ட பிச்சையா கேக்கறது? வீடு வந்தாப் போதும்” என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருடைய கௌரவத்துக்கு விலை கொடுத்தது அம்மா.

2007-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் கெடு உண்டு. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில், காரணத்தை எழுத்தில் பதிந்து, ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டலாம். ஆனால் அது 5-ஆவது பிரிவில், பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவுக்கு இருக்கிறது. 23-இல் நாள் கணக்கே கிடையாது. விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகை தரச் சொல்லும் அதிகாரமும் பராமரிப்பு மனுவோடு ஒட்டியதுதான்.

அண்ணன் இதைக் கரைத்துக் குடித்திருந்தான். காய்ச்சல், மாமனார் வீட்டுக் காரியம், மூலப் பத்திரம் தேடுகிறேன் என்று வாய்தாமேல் வாய்தா. நாங்கள் 90 நாளைச் சொன்னால், “அது இந்த மனுவுக்கு இல்லீங்க சார்” என்பான். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொத்து எழுதிக் கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னதையும் பிடித்துக்கொண்டான். இழுத்தால் அவனுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. நடுவில் அதிகாரிக்கு மாறுதல் வந்து, புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து.

யாரையும் கேட்காமல் பராமரிப்புக்குத் தனி மனுவை நானே எழுதினேன். மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. முழுதாகக் கேட்டேன், இடைக்காலத் தொகையும் சேர்த்து. அண்ணனுக்கு அதன்பின் காய்ச்சல் வரவேயில்லை.

நீங்களும் இப்படி மனுப் போட்டால், எதிர்த்தரப்பு தேதி தள்ளத்தான் பார்க்கும். வாயால் சண்டை போடாதீர்கள். ஆட்சேபணையை நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். காரணத்தைக் கோப்பில் பதியச் சொல்லுங்கள். வேண்டுமென்றே சம்மனைத் தட்டிக்கழித்தாலோ வராமல் இருந்தாலோ, ஒருதரப்பாக விசாரித்து முடிக்க 6-ஆவது பிரிவில் இடமிருக்கிறது. அதையும் எழுத்தில் கேளுங்கள். சமரச அலுவலரிடம் அனுப்பினால் அங்கேயும் ஒரு மாதம்தான் கெடு. ‘குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கலாம்’ என்று வரும் பெரியவர்களுக்கு அந்தத் தேதியை ஞாபகப்படுத்துங்கள்.

நம் தரப்பில் வாய்தா கேட்கவே கூடாது. ஒருமுறை கேட்டுவிட்டால், அவர்கள் கேட்கும்போது நாம் வாயைத் திறக்க முடியாது. அம்மாவின் கண் ஆபரேஷன் சமயத்தில் விசாரணை வந்தது. தள்ளி வைக்கக் கேள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வற்புறுத்தினார்கள். பெற்றோர் விரும்பினால் பராமரிப்பு அலுவலரே அவர்களுக்காக ஆஜராகலாம் என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. நம் ஊரில் அது மாவட்டச் சமூகநல அலுவலர். அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அங்கே கடிதம் கொடுத்தேன். அன்றைய விசாரணை அன்றே நடந்தது.