தராசுத் தட்டில் பல்கலைக் கழகம்

திருப்பதியில் 1954-இல் தோன்றிய நம் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகம் போன்றவற்றின் தரத்தை அளக்க 1994-இல் நிறுவப்பெற்றது 'நாக்' அவை. பெங்களூரில் இருக்கிறது. அது 2017-இல் வகுத்த முறையை மட்டும் ஈண்டுக் காண்போம்.

பல்கலைக் கழகத்துக்கு மொத்தம் 1000 புள்ளிகள். ஆராய்ச்சிக்கு 250, கற்பித்தலுக்கு 200, பாடத்திட்டத்துக்கு 150. கட்டடம், நூலகம் முதலியவற்றுக்கு 100 மட்டுமே. ஆகவே குழு வருமுன் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிப் பயன் அதிகமில்லை! ஐந்தாண்டுச் சான்றுகளோடு தன்னாய்வு அறிக்கை முன்னரே போய்விடும். அதைச் சரிபார்த்த பின்னரே குழு வரும்.

நம் பங்கு யாது? மாணவர்க்கு மின்னஞ்சலில் வரும் 21 வினாக்கள். பாடம் எவ்வளவு முடிந்தது, ஆசிரியர் ஆயத்தத்தோடு வந்தாரா என்றெல்லாம் கேட்பார்கள். சித்தூரினின்றும் வேலூரினின்றும் வந்த நம்மவருள், "நமக்கேன் இந்த வம்பு?" என்று அதைத் திறவாமலே விடுவார் உண்டு. பல்கலைக் கழகத்தின் பேரைக் காக்க எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்பாரும் உளர். பின்னது இன்னும் மோசம். வெறுந்தட்டிலேயே எடை காட்டும் தராசை எந்த ஆய்வுக்கூடத்தில் நம்புவோம்?

கடைசி வினா, முன்னேற்றத்துக்கு நம் யோசனைகளைக் கேட்கிறது. நூலக நேரமோ, ஆய்வுக் கருவியோ, தமிழ் நூல்களோ, வேண்டுவதை அங்கே எழுதுங்கள்.